இரண்டு ஆள் தூக்கும் படகு

1

மச்சானுக்கு இரண்டாம் முறையும் விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மச்சான் என்பது என் அக்கா சரசுவின் வீட்டுக்காரர் செங்கோட்டுவேல். நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அக்கா இரண்டு வருடங்களுக்கு முன்னால் புற்றுநோயில் போய்விட்டாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மறுப்புக் கடிதம் வந்த அன்று மச்சான் மோகனூரில் காவிரிக் கரையில் அக்காவுக்குத் திதி கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். போனில் வந்ததை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டுக் கூப்பிட்டார். இங்கிலீஷில் எழுதியிருந்தால் அவருக்கு எல்லாக் கடிதமும் ஒன்றுதான்.

"ஏனுங் மாப்ள, நல்ல சேதிதானுங்களா?"

நான் கடிதத்தைப் படித்தேன். மூன்றாவது வரிக்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"சாப்பிட்டீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

போனில் ஆற்றுச் சத்தமும் யாரோ மந்திரம் சொல்லும் சத்தமும் கேட்டன. பிறகு, "சரி உடுங்க" என்றார்.

நான் இருக்கும் நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. பயம்தான் காரணம். நாளைக்கே எனக்கும் ஏதாவது ஒரு காகிதத்தில் முத்திரை தேவைப்படும். இங்கே வந்து இத்தனை வருடமாகியும், கடிதப் பெட்டியில் அரசாங்க உறை கிடந்தால் உள்ளங்கை வேர்க்கிறது. குளிர்காலத்திலும் வேர்க்கிறது. ஏரிகள் நிறைந்த, பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் வடக்கு நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் ஏரி. நாமக்கல் பக்கத்து ஏரி என்றால் மழை வந்தால் தண்ணீர், வராவிட்டால் கிரிக்கெட் மைதானம். இது அப்படியல்ல. அக்கரை தெரியாது. இருபது வருடம் இதன் கரையில் குடியிருந்துவிட்டு ஒருமுறைகூட இதன் மேல் போனதில்லை. பேருந்துப் பணிமனையில் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு, சோபாவில் சாயத்தான் தோன்றும்.

அக்காவின் கருமாதிக்குத்தான் ஊர் போய்ச் சேர முடிந்தது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்கூட்டம் கலைந்த பிறகு மச்சானும் நானும் பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். வேலையாட்களுக்கு லீவு விட்டிருந்தார். பாதி கட்டிய ஒரு டாரஸ் லாரி எலும்புக்கூடாக நின்றது. என்ன பேசுவது என்று தெரியாமல் நான் ஏரியைப் பற்றிப் பேசினேன். அதில் இருக்கும் மீனைப் பற்றிப் பேசினேன். மச்சான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

மச்சானுக்கு மீன் என்றால் பைத்தியம். தின்பதில் அல்ல, பிடிப்பதில். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்கு வந்தவர், கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்காமல் என்னைக் கிளப்பிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். லாரி டியூபில் காற்றடித்து, மேலே பலகை வைத்துக் கட்டி, அதில் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து தூண்டில் போட்டோம். ஒருவன் அசைந்தால் இருவரும் தண்ணீரில். சாயங்காலம் ஜிலேபிக் கெண்டைகளோடு சேறும் சகதியுமாக வந்து நின்ற புது மாப்பிள்ளையைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. எங்கள் அம்மாவுக்கு மட்டும் மானம் போயிற்று.

"நம்ம ஒரு படகு கட்டிப்போடலாங்களா மாப்ள?" என்றார் அன்றைக்குப் பட்டறையில்.

"கட்டலாம் மச்சான். நீங்க வாங்க."

"வாரேனுங்க. இனி இங்க என்ன வேல எனக்கு?"

சாவு வீட்டில் சொல்கிற பேச்சு அது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

3

கயாக் என்பது ஒல்லியான, நீளமான துடுப்புப் படகு. மேலே மூடியிருக்கும். உட்காருகிற இடத்தில் மட்டும் குழி. மரத்தில் வீட்டிலேயே கட்டிக்கொள்ள வரைபடம் விற்கிறார்கள். மெல்லிய ப்ளைவுட்டை வரைபடப்படி அறுத்து, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைக்கிற மாதிரித் தைத்து, பிறகு கம்பி போட்ட இடமெல்லாம் எபாக்சி பசையும் கண்ணாடி இழைப் பட்டையும் வைத்து ஒட்டிவிட வேண்டும். பசை காய்ந்தபின் கம்பியைப் பிடுங்கிவிடலாம். நான் வாங்கியது இரண்டு குழி உள்ள படகின் வரைபடம்.

கார் நிறுத்தும் கொட்டகையில் ஹீட்டர் வைத்து வேலையை ஆரம்பித்தேன். இங்கே சனிக்கிழமை காலை என்றால் நாமக்கல்லில் சாயங்காலம். பெயின்ட் டப்பா மேல் போனை நிறுத்தி வைப்பேன். மச்சான் பட்டறையில் டீ குடித்தபடி மேற்பார்வை பார்ப்பார். பின்னால் அவருடைய ஆட்கள் இரும்படிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுக்க அந்தச் சத்தம்தான் எனக்கு நாமக்கல். அதைக் கேட்பதற்காகவே வாரம் முழுவதும் காத்திருந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

முதல் நாளே தகராறு.

"பலகை எத்தன கனமுங்க?"

"நாலு எம்.எம். போட்டிருக்குது மச்சான்."

"நாலா! அது பீரோவுக்குப் பின்னால அடிக்கறதுங்க. ரெண்டாளு உக்காந்தா பிதுங்கிப்போயிரும். ஒம்போது போடுங்க."

"வரைஞ்சவங்க கணக்குப் பாத்துத்தானே வரைஞ்சிருப்பாங்க?"

மச்சான் சிரித்தார். பாடி கட்டுகிறவர்கள் எல்லோரும் சிரிக்கும் சிரிப்பு அது. "மாப்ள, பர்மிட்டுல எழுதியிருக்கற லோடுக்கு எவனாச்சும் பாடி கட்டுவானுங்களா? வண்டிக்காரன் அதுக்கு மேல ஏத்துவான்னு நமக்குத் தெரியும். ஏத்தற லோடுக்குத்தானுங்க கட்டோணும்."

எங்கள் ஊரில் இது சட்டத்தைவிடப் பெரிய சட்டம். காகிதத்தில் உள்ள எடையை நம்பி பாடி கட்டியவனின் பட்டறைக்கு இரண்டாவது வண்டி வராது. நானும் அந்த ஊர்க்காரன்தானே. பேரம் பேசி ஆறு எம்.எம்.-இல் முடித்தோம். அதோடு நின்றதா? வரைபடத்தில் குறுக்குச் சட்டமே கிடையாது, மச்சான் லாரிக்குப் போடுவதுபோல வரிசையாக கிராஸ் போடச் சொன்னார். அதுவும் ஓக் மரத்தில். அதற்கு மேல் பலகைத் தளம். அதற்கு மேல் பின்சீட்டு. அந்தச் சீட்டை மட்டும் அவரே பட்டறையில் காகிதத்தில் வரைந்து அனுப்பினார். அவருக்கு இடுப்பு வலி உண்டு. டிரைவர் சீட்டைப் போலச் சாய்மானம் வைத்த சீட்டு.

என் மனைவி சுமதி காபியோடு வந்து பார்த்தாள். "அண்ணனும் தம்பியுமாட்டம் சேர்ந்துட்டு, படகு கட்டறீங்களா, ஆட்டுக்கல்லுக் கட்டறீங்களா?" என்றாள்.

போனுக்குள்ளிருந்து மச்சான் சொன்னார்: "ஓவர்லோடு தாங்கும் பாரம்மா!"

4

முதல் விண்ணப்பம் போன கதை இது.

சேலம் அஸ்தம்பட்டியில் விசா விண்ணப்பம் எழுதித் தரும் ஆபீஸ் ஒன்றுக்கு மச்சான் போனார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"மாப்ள படகு கட்டறாரும்மா. கூட நின்னு வேல செய்யப் போறேன்."

அந்தப் பெண் விவரமானவள். "சுத்திப் பாக்கன்னு போட்டுக்கலாங்க சார்" என்றிருக்கிறாள். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எம்பட மாப்ள ஊட்டுக்குச் சும்மா உக்காந்து திங்கறதுக்கா போறேன்? வேல செய்யன்னே எழுதம்மா."

எழுதிவிட்டாள். மச்சான் அதில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் ஒருநாள் ஒரம்பரையாகப் போயிருக்க வேண்டும். ஒரம்பரை என்றால் உறவுக்காரர் வீட்டுக்கு விருந்தாடப் போவது. போனவன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவனை யாரும் மதிக்க மாட்டார்கள். காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், வாய்க்கால் திருப்ப வேண்டும், குறைந்தது நாலு விறகாவது பிளந்து போட வேண்டும். வீட்டுக்காரர்கள் "உடுங்க, நீங்க எதுக்குங்க" என்று தடுக்க வேண்டும். தடுக்கத் தடுக்கச் செய்வதுதான் உறவு. மச்சான் அந்த மரியாதையைத்தான் விண்ணப்பத்தில் எழுதச் சொன்னார்.

இந்த ஊரில் அதற்கு வேறு பெயர். அனுமதியில்லாமல் வேலை செய்யும் நோக்கம். உள்ளூர்த் தச்சன் ஒருவனின் பிழைப்பில் மண்ணைப் போட நாமக்கல்லிலிருந்து ஒரு மனிதர் கிளம்பி வருகிறார் என்று யாரோ ஒரு அதிகாரி முடிவுகட்டிவிட்டார். கோபத்தில் அந்த மறுப்புக் கடிதத்தை நான் பணிமனையில் எல்லோரிடமும் காட்டினேன். "வேலை என்று எழுதினால் அப்படித்தான்" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"நான் ஏதாச்சும் தப்பா எழுதிப்போட்டனுங்களா?" என்று மச்சான் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னேன். அவர் தப்பாக எழுதவில்லை. எழுதியதைப் படிக்க இங்கே ஆள் இல்லை.

5

பனி உருகும் காலத்தில் படகு முடிந்தது. உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடித்தபின் பார்க்கச் சொந்தப் பிள்ளையைப் போல இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அடியில் கடைசிப் பூச்சு அடிக்கலாம் என்று ஒரு முனையைத் தூக்கினேன். முழங்காலுக்கு மேல் வரவில்லை.

வரைபடத்தின் அட்டையில் ஒரு பெண் இதே படகைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடி ஏரிக்குப் போகிறாள். நாங்கள் லாரி கட்டிவிட்டோம்.

மச்சானிடம் சொன்னேன். அவர் கொஞ்சம்கூடக் கவலைப்படவில்லை. உண்மையில் சந்தோஷப்பட்டார்.

"நல்லதாப் போச்சுங்க. முன்னால நீங்க புடிங்க, பின்னால நான் புடிக்கறேன். நான்தான் வாரேனில்லீங்க?"

அப்போது இரண்டாவது விண்ணப்பம் போட்டிருந்தோம். இந்த முறை வேலை என்ற பேச்சே இல்லை. சுற்றிப் பார்க்க மட்டும். பட்டறைக்கு உரிமம், நிலத்துக்குப் பட்டா, வருமான வரி, எல்லாம் இணைத்திருந்தது. அவர் திரும்பி வந்துதான் ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நான் நம்பினேன். சுமதி மாடி அறையைச் சுத்தம் செய்து, அவள் அண்ணா என்று கூப்பிடும் மச்சானுக்காகக் கெட்டி மெத்தை வாங்கிப் போட்டாள்.

நீண்ட வார இறுதிக்கு மகன் கவின் வந்தான். படிப்பு முடிந்து வேறு நகரத்தில் வேலையில் இருக்கிறான். அவனிடம் போனைக் கொடுத்தேன்.

"சாமி, நல்லா இருக்கறீங்களா? சாப்ட்டீங்களா சாமி?" என்றார் மச்சான்.

"நல்லா இருக்கேன் மாமா. நீங்க?"

"இருக்கறனுங்க சாமி. படகு பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லா இருக்கு."

அதோடு அவனுடைய தமிழ் தீர்ந்துவிட்டது. போனை என்னிடம் நீட்டினான். மச்சான் அந்தப் பக்கம் அவன் ஏதாவது சொல்வான் என்று முகத்தைப் போனுக்கு மிகப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார். இந்தப் பையன் பிறந்தபோது சேலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய நின்றவர் அவர். இவனுக்கு அது கதையாகக்கூடத் தெரியாது. சொன்னால் "ஓ" என்பான். குணம் கெட்ட பிள்ளை இல்லை. வேறு ஊர்ப் பிள்ளை.

ஏரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று அவனும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். கொட்டகை வாசல் வரை வந்தோம். அவன் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பிளாஸ்டிக் கயாக் கடையிலேயே கிடைக்கிறதே, ஒரே கையால் தூக்கலாமே, எதற்கு அப்பா இதெல்லாம் என்று இங்கிலீஷில் கேட்டான். மறுநாள் அவனுக்கு நண்பர்களோடு வேறு ஏதோ ஏற்பாடு இருந்தது. படகை மறுபடியும் உள்ளே இழுத்து வைத்தோம்.

மாமா வந்ததும் அவரோடு போய்க்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். "குட்" என்றான்.

6

இரண்டாவது கடிதத்தில் இருந்ததைத் தமிழில் எழுத வேண்டும். மச்சானுக்கு நான் சொன்னதும் இப்படித்தான்.

விண்ணப்பதாரருக்கு மனைவி இல்லை, குழந்தைகள் இல்லை. தன் நாட்டுக்குத் திரும்பிப் போக அவருக்குப் போதுமான குடும்பப் பிணைப்பு இருப்பதாக அதிகாரிக்கு நம்பிக்கை ஏற்படவில்லை.

இறப்புச் சான்றிதழை நாங்கள்தான் இணைத்திருந்தோம். குடும்ப விவரத்தில் மனைவி எங்கே என்று கேட்டிருந்ததால் இணைத்தோம். அதைப் படித்துவிட்டு, இந்த ஆளுக்கு வீட்டில் யாருமில்லை, வந்தால் போக மாட்டான் என்று எழுதிவிட்டார்கள். பட்டறையும் நிலமும் அவர்கள் கணக்கில் வரவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வரி கட்டுகிறேன். இதன் பேருந்துகள் குளிரில் கிளம்புவதற்கு என் கையும் ஒரு காரணம். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாமா என்றிருந்தது. கிளம்பி எங்கே போவது? நாமக்கல்லில் எனக்கு வீடு இல்லை. இருந்ததை விற்றுத்தான் இங்கே இந்த வீடு. கவின் வர மாட்டான். சுமதிக்கு முழங்காலுக்கு இங்கேதான் வைத்தியம். யோசித்துப் பார்த்தால் மச்சானைவிட எனக்குத்தான் திரும்பிப் போகக் காரணம் குறைவு.

அன்று திதி முடித்து மோகனூரிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் மச்சான் மறுபடியும் கூப்பிட்டார். சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் கேட்டார்:

"அப்ப, சரசு இருந்திருந்தா குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க மச்சான்."

"அவ இருந்திருந்தா நான் எதுக்குங்க அங்க வரப்போறேன்?"

சுமதி என் கையிலிருந்து போனை வாங்கி, "அண்ணா, ராத்திரிக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். ரசம் வைத்திருப்பதாகச் சொன்னார்.

7

அடுத்த சனிக்கிழமை நான் கொட்டகைக்குப் போகவில்லை. மச்சானே கூப்பிட்டார்.

"படகுகிட்டப் போங்க மாப்ள. போனை நிறுத்தி வெய்யிங்க."

"எதுக்குங்க மச்சான்?"

"கனத்தைக் கொறைக்கோணுமில்லீங்க. லாரியின்னா எஞ்சின் இழுக்கும். இதுக்கு உங்க ரெண்டு கைதானே. நான் அதை நெனைக்கவே இல்லீங்க, தப்பு என்னோடதுதான். பின்னால இருக்கற சீட்டையும், அதுக்குக் கீழ இருக்கற தளத்தையும் கிராஸையும் எடுத்துப்போடுங்க. ஒரு ஆளே தூக்கலாம்."

"இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாம் மச்சான். வக்கீல் வெச்சுப் போடலாம்."

"வேண்டாமுங்க."

"ஏன் மச்சான்?"

"மறுபடியும் சரசு செத்துப்போனதை எழுதோணும். எழுதுனா, அதையே காரணஞ் சொல்லுவாங்க. என்னால முடியாதுங்க."

ரம்பத்தை எடுத்தேன். மெஷின் ரம்பம் வேண்டாம், சைடுப் பலகையில் பட்டுவிடும், கைரம்பமே எடுங்கள் என்றார். சரியாகக் கேட்கவில்லை என்று தன் ஆட்களைக் கூப்பிட்டு இரும்படிப்பதைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். குளிர்காலம் முழுக்கக் கேட்ட அந்தச் சத்தம் நின்றது. என் ரம்பம் மட்டும் கேட்டது.

சாய்மானத்தை முதலில் கழற்றினேன். பிறகு சீட்டு. நான் போட்ட திருகாணிகள் அசைய மறுத்தன. எடுக்க முடியாதபடிதான் போட்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் மச்சான் வழி சொன்னார். "அந்தக் கட்டையை மேல நெம்பாதீங்க, பக்கவாட்டுல தட்டுங்க." "சித்த இருங்க, கை வலிக்குதா?" "பாத்துங்க, பசை போட்ட எடத்துல மெதுவா." பட்டறையில் ஒரு வண்டிக்கு அளவு சொல்கிற அதே குரலில், தான் உட்கார வேண்டிய இடத்தை எப்படி அறுப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி கிராஸை அறுக்கும்போது எனக்குக் கண் மறைத்தது. கையாலேயே துடைத்துக்கொண்டேன், மரத்தூள் உள்ளே போய் இன்னும் எரிந்தது.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன்.

"இப்பத் தூக்கிப் பாருங்க."

நடுவில் நின்று, குனிந்து, இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். வராது என்றுதான் நினைத்தேன். வர வேண்டாம் என்றும் நினைத்தேன். படகு முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, தோளில் வந்து உட்கார்ந்தது.

"வந்துருச்சுங்களா மாப்ள?"

"வந்துருச்சுங்க மச்சான்."

அவர் முகம் மலர்ந்ததைப் போனில் பார்த்தேன். பாரம் சரியாக உட்கார்ந்த வண்டியைப் பார்க்கும் சந்தோஷம்.

"அப்பறமென்னுங்க" என்றார். "இனி உங்களுக்கு ஆளே வேண்டியதில்லை."

நான் படகைத் தோளில் வைத்தபடியே நின்றேன். இறக்கி வைத்தால் அவர் முன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது.